வளவும் குளிர்த்தியும்: தம்பிலுவில் கரையோரத்தின் மனநலம்

சுனாமிக்குப் பின், 2005ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோர முகாம்களுக்கு அரிசி, கூடாரம், மருந்து ஆகியவற்றோடு வினாக்கொத்துகளும் வந்தன. உறக்கம் கெடுகிறதா, கெட்ட கனவு வருகிறதா, திடீர்ச் சத்தத்துக்கு நெஞ்சு பதறுகிறதா, நடந்ததை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா என்று அவை கேட்டன. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைக் கண்டறிய உலகெங்கும் கேட்கப்படும் கேள்விகள்தாம். அவற்றைப் பிழையென்று சொல்ல முடியாது. உறக்கம் கெட்டவர்கள் ஏராளம்; கடற்பக்கம் திரும்பவே அஞ்சியவர்களும் ஏராளம். குறை வேறிடத்தில் இருந்தது. எல்லாக் கேள்விகளும் ஒரு தனி ஆளின் தலைக்குள் நடப்பதையே விசாரித்தன.

அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தவர் காயத்ரி பெர்னாண்டோ. கலிபோர்னியாவில் பணியாற்றிய இந்த உளவியலாளர், ஆயத்தமாக இருந்த குணங்குறிப் பட்டியலை ஒதுக்கிவைத்தார். போரையும் சுனாமியையும் கண்டவர்களிடம் சிங்களத்திலும் தமிழிலும் கதைகளாகக் கேட்டு, அவர்கள் சொன்னவற்றிலிருந்தே ஓர் அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டார். மேலைநாட்டுப் பாடநூலில் ஒரு வரிசை உண்டு: முதலில் மனத்துக்குள் காயம், அதன் விளைவாகக் குடும்பத்திலும் வேலையிலும் சிக்கல். அவர் கேட்ட கதைகளில் அந்த வரிசை இருக்கவில்லை. மூட்டுவலி, நெஞ்சுவலி என்று உடம்பு பேசியது. அதற்கு அடுத்தபடியாக உறவுகளில் விழுந்த ஓட்டைகள் பேசின. தன் குடும்பத்தில், தன் ஊரில் தனக்குரிய இடத்தில் நிற்க முடியாமற்போவதை அவர்கள் காயத்தின் விளைவாகச் சொல்லவில்லை, காயமாகவே சொன்னார்கள். ஈதன் வாட்டர்ஸ் 2010இல் எழுதிய நூலொன்றின் வழியாக இந்த ஆய்வு உலகம் முழுவதும் பேசப்பட்டது. அது மிகவும் பொருந்திவரும் கரைகளில் ஒன்று தம்பிலுவில் இருக்கும் கரை. அங்கே உறவு என்பது நிலமும் வேலியும் வீடுமாகக் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது.

தம்பிலுவில்லும் திருக்கோவிலும் அடுத்தடுத்த தமிழ்க் கிராமங்கள். அங்கிருந்து வடக்கே போனால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று முஸ்லிம் ஊரும் தமிழூரும் மாறிமாறி வரும். மொழி ஒன்று. அதைவிட ஆழமான ஒற்றுமை, இரு சமூகத்திலும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவது. மகன் அப்பாவின் குடியன் ஆகமாட்டான். அம்மாவின் குடியே அவன் குடி. கோயிலில் குடிக்கு உரிமை இருப்பதுபோலப் பள்ளிவாசலிலும் குடிக்கொரு மரைக்காயர் இருந்த வழக்கத்தை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாகப் பதிந்திருக்கிறார். 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றுக்கு வந்த அவர், இக்கரைச் சமூகங்களைப் பற்றிய தன் பெருநூலை 2008இல்தான் வெளியிட்டார். நாற்பதாண்டு உறவின் நூல் அது.

இக்கரையில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு என்று பொருள். சீதனமாக வீடும் அதைச் சூழ்ந்த காணியான வளவும் மகள் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். கொஞ்சக் காலம் சேர்ந்திருந்துவிட்டுப் பெற்றோர் இளைய பெண்களோடு பக்கத்திலேயே இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு நகர்வார்கள். இப்படியே போனால் அக்காவும் தங்கையும் ஒரே வேலிக்கு இரு பக்கம் வாழ்வார்கள். பிள்ளை பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுச் சின்னம்மா வீட்டில் உறங்கும். தமிழ்ச் சினிமாவின் மாமியார் கொடுமை இங்கே அவ்வளவாக எடுபடாததற்குக் காரணம் இதுதான். கலியாணமான பெண் தாயைப் பிரிவதில்லை, பிரிகிறவன் ஆண். மாமனார் வளவில், மச்சிமார் சூழ, வந்தேறிபோலச் சில காலம் வாழவேண்டியவன் மாப்பிள்ளைதான். அவன் சங்கடத்தைப் பற்றி எந்த ஆய்வாளரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த அலை இந்த அமைப்பின் நடுவில் அடித்தது. இலங்கையில் மிக அதிகமானோரை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அம்பாறையின் 13 முகாம்களில் 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேரைப் பற்றித் தகவல் திரட்டிய ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. பெண்களில் 100க்கு 17.5 பேர் இறந்திருந்தார்கள், ஆண்களில் 8.2 பேர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றிலொருவர் இல்லை. அலை வந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்றும் அந்த ஆய்வு காட்டியது. தாய்வழிச் சமூகத்தில் இந்தக் கணக்கின் பொருள் இரட்டிப்பாகும். வேறிடத்தில் மனைவியை இழந்தவன் மனைவியை இழந்தவன்தான். இங்கே அவன் எந்த வீட்டில், எந்த உரிமையோடு இருக்கிறான் என்ற கேள்வியும் சேர்ந்து எழும். அக்காவை இழந்தவளுக்கு வேலிக்கு அப்பால் இருந்த இரண்டாவது தாய்வீடும் போய்விடும்.

அடுத்து வந்தது வீட்டுத்திட்டம். கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் மீளக் கட்டக்கூடாது என்று அரசாங்கம் முதலில் அறிவித்தது. அதே ஆண்டுக்குள் அதைத் தளர்த்தவும் செய்தது. அதற்கிடையில் குடும்பங்கள் உள்நிலத்துக்குப் பிரிந்து போயின. அக்கா ஒரு திட்டத்தில், தங்கை இன்னொன்றில். புதிய வீடுகளின் பத்திரங்களில் பெரும்பாலும் ‘குடும்பத் தலைவர்’ என்ற கட்டத்தில் ஆணின் பெயர் ஏறியது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணுக்குரியதாக இருந்த சொத்து, நிவாரணப் படிவத்தின் ஒரு கட்டத்தால் கை மாறியது. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் சேர்ந்து எழுதி 2010இல் வெளிவந்த கட்டுரை இதைத்தான் ஆராய்கிறது: சுனாமி வீடு கிடைக்கப் பாடுபட்ட பெற்றோரின் கண்ணில் நின்றது மகளின் சீதனம். வளர்ந்த மகள்கள் இருவர் உள்ள தாய் இரண்டாவது வீட்டுக்கு அலைந்தால், நன்கொடை அமைப்பின் பதிவேட்டுக்கு அது பேராசையாகத் தோன்றும். அவளுக்கோ அது தாய்மையின் மிச்சம். என் கணிப்பில், இக்கரையில் 2005க்குப் பின் பலரின் மனத்தை ஆற்றியதும் கெடுத்ததும் உளவளத்துணை அறைகளைவிடக் காணி வழங்கும் அரச அமர்வுகளான காணிக் கச்சேரிகளே.

இப்படிச் சொல்வதால் வளவுக்குள் எல்லாம் இனிது என்று ஆகாது. நெருங்கி வாழ்வதற்கும் விலை உண்டு. மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. அதற்காகத் தகப்பன் கடன்படுவான். அண்ணன் தன் கலியாணத்தைத் தள்ளிப்போடுவான். பல குடும்பங்களில் தாயே சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டு வேலைக்குப் போவாள். மகளுக்கு வீடு கட்டத் தாய் வீட்டைவிட்டுப் போகிறாள் என்ற முரணைச் சொந்தக்காரர் யாரும் முரணாகப் பார்ப்பதில்லை. வேலியால் பிரிந்த வீடுகளில் அந்தரங்கம் என்பது மெல்லிய சமாச்சாரம். புருசன் பெண்சாதி சண்டை மாலைக்குள் மூன்று வளவுக்குத் தெரிந்துவிடும். இது காப்பும்தான். அடி விழுந்தால் தாய் ஓடிவருவாள். ஆனால் அதே காரணத்தால் பெண் வாய் திறக்காமல் இருப்பதும் உண்டு: சொன்னால் குடிக்கே கேவலம்.

இலங்கையில் உறவும் உணர்ச்சியும் உயிராபத்தான இடத்தில் சந்திப்பதை எண்கள் காட்டுகின்றன. 1995இல் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 என்ற அளவுக்குத் தற்கொலை விகிதம் உச்சத்தைத் தொட்டது; உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. தென்னிலங்கைப் பெண்களிடம் ஜீன் மரசெக், சாந்தனி சேனாதீர ஆகியோர் நடத்திய ஆய்வுகளில், தற்கொலை முயற்சிகள் பலவற்றின் பின்னால் நெடுநாள் மனச்சோர்வு இருக்கவில்லை. நெருங்கிய ஒருவரோடு சற்றுமுன் நடந்த சண்டை, அவமானம், ரோசம் இவையே இருந்தன. வாயால் சொல்ல முடியாத ஒரு குற்றச்சாட்டு உடம்பால் சொல்லப்பட்டது. 1995இலும் 1998இலும் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டபின் 2005ஆம் ஆண்டளவில் விகிதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. சனங்களின் கோபம் அந்தப் பத்தாண்டில் குறைந்துவிடவில்லை. கோபத்தின் முதல் மணித்தியாலத்தைத் தாண்டுவதற்கு வழி கிடைத்தது. தாண்டியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். அந்த மணித்தியாலத்துக்காகவே இப்போது 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை இருக்கிறது.

கோபத்தைத் தாண்டும் வழியைத் தம்பிலுவில் வேறு விதமாகவும் அறியும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலின் கதவு திறக்கும். கல்முனை, காரைதீவு, பட்டிமேடு என்று இக்கரையெங்கும் கண்ணகிக்குக் கோயில்கள் உண்டு. தம்பிலுவில் கோயில் அவற்றில் பேர்பெற்றது. சடங்கு நாட்களில் ‘கண்ணகி வழக்குரை’ படிக்கப்படும். கணவனை அநியாயமாக இழந்த பெண் அரசன் முன் நின்று வழக்குரைத்த கதை, காதை காதையாக, ஊர் கூடியிருக்கப் போகும். கடைசியில் திருக்குளிர்த்தி. நகரை எரித்த அவள் சினத்தைப் பாடிப் பாடி ஆற்றுவார்கள். குளிர்த்தித் தண்ணீர் வேப்பிலையால் சனங்கள்மேலும் தெளிக்கப்படும். வைசூரி, அம்மை என்ற சூட்டு நோய்களும் வறட்சியும் அதோடு ஆறும் என்பது நம்பிக்கை.

பக்தியைத் தள்ளிவைத்து உளவியலாக மட்டும் பார்த்தாலும் இதன் ஒழுங்கு வியப்பூட்டுகிறது. அம்மன் கோபப்பட்டது தப்பென்று சடங்கின் எந்த இடத்திலும் சொல்லப்படுவதில்லை. பொறுத்துக்கொள், மற, மூச்சை இழுத்து விடு என்ற அறிவுரை கிடையாது. முதலில் வழக்கு. அதுவும் சுருக்கமாக அல்ல, இரவிரவாக, முழுமையாக, எல்லாருடைய காதிலும் விழும்படி. அதற்குப் பிறகுதான் குளிர்விக்கும் பேச்சு. கோபத்தைத் தணிக்கும் இன்றைய பயிற்சிகள் பலவும் இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குகின்றன. அவற்றில் மனம் ஒட்டாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாந்த்ரா பீலும் மாணவர்களைத் தங்கள் மிக வேதனையான அனுபவத்தை நான்கு நாள் எழுதவைத்தார்கள். நடந்ததோடு சேர்த்து உணர்ந்ததையும் எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். அந்த மாணவர்கள் தனியறையில், பெயரில்லாத தாளில் எழுதினார்கள். வழக்குரையில் கேட்பதற்கு ஊர் இருக்கிறது.

மட்டக்களப்புத் தேசத்தின் கொம்புமுறி விளையாட்டும் இதே கண்ணகியோடு சேர்ந்தது. வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. ஊர் இரண்டாகப் பிரிந்து, கோத்துக்கட்டிய இரு கொம்புகளைக் கயிறு பூட்டி இழுக்கும்; ஒன்று முறியும்வரை விடமாட்டார்கள். இடையில் ஒரு சேரி மறு சேரியை வசைபாடும். அண்மைத் தசாப்தங்களில் இது அரிதாகிவிட்டது. கணவன் மனைவி பிணக்கை ஊரே இரு கட்சியாக நின்று, சிரித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு விளையாடித் தீர்த்தது என்பது சின்ன விசயம் இல்லை. சிங்களத்தில் இதன் உறவு ‘அங்கெலிய’. பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் பெருநூல் எழுதிய கணநாத் ஒபேசேகர, இத்தகைய சடங்குகளை மனத்தின் கண்கொண்டு வாசித்தவர். அடுத்த ஆண்டு வெளிவந்த தன் கட்டுரையில் இதற்குப் ‘பண்பாட்டின் பணி’ என்று பெயரிட்டார்: தனியாளின் வேதனை, எல்லாருக்கும் விளங்கும் குறியீடாக மாற்றப்படுவது. மாற்ற முடியாமல் தனியாளிடமே தங்கிவிடும் வேதனையே நோயாகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இதைச் சடங்குகளே போதும், வைத்தியம் வேண்டாம் என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. மனச்சிதைவுக்கும் கடும் மனச்சோர்வுக்கும் மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும்.

கிழக்கில் அந்த மருத்துவர் நெடுங்காலம் இருக்கவில்லை. இலங்கையில் ஒருவரைப் பைத்தியம் என்று ஏச விரும்புபவர்கள் கொழும்புப் புறநகரின் மனநல ஆஸ்பத்திரியால் அறியப்பட்ட ‘அங்கொடை’யின் பேரைச் சொல்வார்கள். அக்காலத்தில் கிழக்கின் நோயாளருக்கும் அதுதான் கதி, அல்லது வீட்டின் பின்னறை. உளநல மருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு சேவையை எழுப்பிய அனுபவத்தை 2011இல் எழுதியிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைக் கட்டுவதற்குப் பதிலாக, ஊர்களிலேயே கிளினிக்கும் வீடு தேடிப் போகும் பணியாளரும் என்பதே அந்த வழி. வீட்டுக்குப் போகிறவருக்கு, வளவில் யார் யாரோடு கதைப்பதில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும்; ஆஸ்பத்திரி மேசைக்கு அது வந்து சேரப் பல மாதம் பிடிக்கும். சுனாமிக்குப் பிந்திய அனுபவங்களும் சேர்ந்து, 2007இல் சர்வதேச அமைப்புகள் கூடி வெளியிட்ட அவசரகால உளசமூக வழிகாட்டி ஒரு கூம்பை வரைந்தது: அடியில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும்; அதன்மேல் குடும்பமும் சமூகமும்; உச்சியில், சிலருக்கு மட்டும், நிபுணர் சிகிச்சை. 2005இல் வந்த வினாக்கொத்துகள் அந்த உச்சியிலிருந்து கீழே இறங்க முயன்றவை.

உறவு என்று பேசும்போது வளவுக்கு வெளியே இருக்கும் உறவையும் சொல்லாமல் விட முடியாது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சும் காலம் தொடங்கியது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டார்கள். ஒவ்வோர் ஊரும் தன் இறந்தோரின் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கும். பக்கத்து ஊரின் பட்டியலை வாசிக்காது. கல்முனையில் இன்றும் ஒரு நகருக்கு இரண்டு ஆதார வைத்தியசாலைகள்: வடக்கில் தமிழர் அதிகம் போவது, தெற்கில் முஸ்லிம்கள் அதிகம் போகும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. மனநோய்க்கு உதவி தேடும்போது நம்பிக்கையே பாதி மருந்து என்பதால் இப்பிரிவைக் கேலிசெய்ய மனம் வரவில்லை.

துக்கத்துக்குரிய வடிவத்தைப் பறித்தால் என்ன ஆகும் என்பதை முஸ்லிம் ஊர்கள் 2020இல் கண்டன. கொவிட் தொற்றில் இறந்தவர்களை எரிக்கவேண்டும் என்று அவ்வாண்டு அரசாங்கம் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொன்னபின்னும் அது தொடர்ந்தது. மையத்தாகிய உடலைக் குளிப்பாட்டிக் கபனிட்டு, ஜனாஸாத் தொழுகை நடத்தி, மையவாடியில் மண் போடுவது ஒவ்வொன்றும் ஒவ்வோர் உறவின் கடமை. மகன் செய்யவேண்டியதை அயலவன் செய்தால்கூட மனம் ஆறாது. காய்ச்சல் வந்தால் மறைத்தார்கள் என்று பிறகு குற்றஞ்சாட்டப்பட்டது. மறைத்தவர்கள் பயந்தது நோய்க்கு மட்டும் அல்ல. 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டார்கள். மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில்.

உடலே இல்லாத துக்கம் இதைவிட நீளமானது. 1990இலும் அதன்பின்னும் திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்றுப் பகுதிகளில் பிடித்துக்கொண்டு போகப்பட்டு வராதவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் இன்றும் கையில் படத்தோடு தெருவில் நிற்கிறார்கள். இறந்தார் என்றால் எட்டுச் செலவு, அந்தியேட்டி, திவசம் என்று துக்கத்துக்கு நாட்கணக்கு உண்டு. வராதவருக்கு ஒன்றும் இல்லை. பொட்டை அழிப்பதா வைப்பதா என்பதில் தொடங்கி, மகள் கலியாணத்தில் யார் பெயரை எப்படி எழுதுவது என்பதுவரை ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு. அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் 1999இல் எழுதிய நூலில் இதை நிச்சயமற்ற இழப்பு என்று வகுத்தார். ஆற்ற முடியாமல் உறைந்துபோகும் துக்கம் என்றும், அது துக்கப்படுபவரின் கோளாறு அல்ல, சூழ்நிலையின் கோளாறு என்றும் விளக்கினார். 1990களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த பற்றீசியா லோரன்ஸ், இத்தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்பவர்களிடம் போனதைப் பதிந்திருக்கிறார். எந்த அலுவலகமும் பதில் சொல்லாத காலத்தில், அவர் உயிரோடிருக்கிறாரா என்ற கேள்வியை உரக்கக் கேட்க இருந்த ஒரே இடம் அது. வாக்குச் சொன்னவரின் உடம்பே, காணாமற்போனவர் பட்டிருக்கக்கூடிய வேதனையைக் காட்டித் துடித்தது. கேட்டு நின்றவர்கள் சேர்ந்து அழுதார்கள்.

காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அதே ஆண்டு மரணப் பதிவுச் சட்டத்தில் வந்த திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் ‘காணாமையைச் சான்றுப்படுத்தும்’ பத்திரம் ஒன்றைக் குடும்பங்கள் பெற வழிசெய்தது. காணி மாற்றவும், வங்கிக் கணக்கைத் தொடவும், உதவிப் பணம் கேட்கவும் ‘இறந்துவிட்டார்’ என்று கையெழுத்திடத் தேவையில்லை. ஒரு தாயின் மனநிலையை இலங்கைச் சட்டம் உள்ளபடி ஏற்றுக்கொண்ட அரிய இடம் இது என்று சொல்லலாம். ஆனாலும் சங்கங்களில் திரண்ட தாய்மார் பலர் அதையும் நட்டஈட்டையும் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். யார் கொண்டுபோனார்கள், எங்கே வைத்தார்கள், என்ன செய்தார்கள் என்பதற்கு முதலில் பதில் வரட்டும் என்கிறார்கள். பத்திரம் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அதன்பின் நீடிப்புக்கு விண்ணப்பிக்கவேண்டும்.